பன்னிரண்டு நாற்பது மேகம்

அன்பு மகளுக்கு,

இங்கே அனைவரும் சுகம், மூன்றாம் துண்டுத் தக்காளியைத் தவிர. அங்கே நீ சுகமாக இருக்கிறாயா என்று நான் கேட்கவில்லை, இருந்தே ஆகவேண்டும் என்று உத்தரவு போடுகிறேன். உன் சித்தப்பாவாகிய நான், ஒரு கையில் பேனாவும் மறு கையில் மூக்குக் கண்ணாடியின் உடைந்த காலுமாக, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையைப் பூமியில் மனிதனாய்ப் பிறந்த எவனும் நம்பமாட்டான். நீ நம்பமாட்டாய். உன் சித்தி நம்பவே மாட்டாள், அவள் நான் தும்மினாலே சாட்சி கேட்கிற ஆள். எழுதுகிற எனக்கே அங்கங்கே சந்தேகம் வருகிறது. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் எழுதி முடிக்காமல் இந்த மேசையை விட்டு எழுந்தால் இன்று மத்தியானச் சாப்பாடு கிடையாது என்று தீர்ப்பாகிவிட்டது. தீர்ப்புச் சொன்ன நீதிபதி பக்கத்து அறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கத்திச் சத்தம் நின்று, "என்னங்க, அத எழுதிட்டீங்களா?" என்று கேள்வி வருகிறது. அது எது என்று பிறகு சொல்கிறேன். முதலில் கதை.

இத்தனை காலம் போனில் வாய் ஓயாமல் பேசியவனுக்கு இன்றைக்கு என்ன காகிதமும் கூரியரும் என்று நீ நினைப்பாய். போன் இப்போது என்னுடையது இல்லை மகளே, அது தக்காளியின் சொத்து. எந்த நேரமும் ஏதாவது ஒரு செடிக்கு அதில் வேலை இருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. இந்த வாரம் மூன்று தடவை உன்னைக் கூப்பிட்டேன், மூன்று தடவையும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எதையோ அளந்துவிட்டு வைத்தேன். என் வாய் அப்படிப்பட்ட வாய், உள்ளே உளுந்தளவு போட்டால் வெளியே உலக்கையளவு வந்து விழும். பேனாவாவது கொஞ்சம் மெதுவாகப் போகும், அதற்குள் உண்மை ஓடிவந்து இடம் பிடித்துவிடும் என்பது சித்தியின் யோசனை. கூரியர்க்காரர் நான்கு நாள் என்கிறார். இன்று இருபத்திரண்டு, நீ ஆபீஸில் ரிப்போர்ட் கொடுப்பது முப்பது. நேரம் இருக்கிறது. தைரியம்தான் வரவேண்டும்.

நடந்ததை ஆதியிலிருந்து முறையாகப் பதிவு செய்கிறேன், நாளை வரலாற்று ஆசிரியர்கள் இதற்காக அடித்துக்கொள்ளக் கூடாது. நான்கு மாதத்துக்கு முன் நீ விடுப்பில் வந்தாய். பெட்டி கனக்கிறதே, சித்தப்பாவுக்கு ஒரு சட்டையாவது இருக்கும் என்று ஆசையாகத் திறந்தால் உள்ளே முழுக்க வயரும் கம்பியும். வயலை நான்கு துண்டாகப் பிரித்துத் துண்டுக்கு ஒரு கம்பி நட்டாய், ஒவ்வொன்றும் முழங்கை நீளம், மண்ணுக்கு மேலே வெள்ளைத் தொப்பி மட்டும் தெரியும். மண்ணில் எவ்வளவு ஈரம் என்று கம்பி பார்த்து மோட்டார் அறைச் சுவரில் நீ மாட்டிய பெட்டிக்குச் சொல்லும். மாலை ஐந்து மணிக்குப் பெட்டி நான்கு கம்பிகளையும் விசாரித்து, எந்தத் துண்டு காய்ந்திருக்கிறதோ அதன் வால்வைத் தானே திறந்து சொட்டுநீர்க் குழாயில் தண்ணீர் விடும், போதுமானதும் தானே மூடும். ஈரம் இருந்தால் ஒரு சொட்டும் கிடையாது. எல்லாம் என் போனில் நிறமாகத் தெரியும், ஈரமென்றால் பச்சை, காய்ந்தால் சிவப்பு. அன்றைக்குக் கிணற்றில் பதினான்கு படிக்கட்டு ஆழத்துக்குத் தண்ணீர் இருந்தது. மழை வரும்வரை இந்தத் தண்ணீரை வைத்தே ஒரு விளைச்சலை முழுசாக எடுத்துக் காட்டினால் உன் ஆபீஸ் இதை நூறு வயலில் வைக்கும், இல்லையென்றால் மூட்டை கட்டிவிடும் என்றாய். உன் யோசனை, உன் கணக்கு, நம் வயல். சோதனை முடியும்வரை யாரும் கையால் வால்வைத் திறக்கக் கூடாது என்று ஒரு பூட்டையும் மாட்டி, சாவியைச் சித்தியிடம் கொடுத்தாய். என்னிடம் கொடுக்கவில்லை. அந்த அவமானத்தை மன்னித்துவிட்டேன், மறக்கத்தான் முடியவில்லை. நீ சொன்ன மற்றதில் முக்கால்வாசி இந்தக் காதில் நுழைந்து அந்தக் காதில் போய்விட்டது. ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டது, அது போன மாதக் கடைசியில் நீ போனில் சொன்னது. முதல் தேதியிலிருந்து உன் மேனேஜர் தினமும் மதியம் ஒரு மணிக்குத் தன் திரையைத் திறந்து நம் வயலின் நான்கு நிறத்தையும் பார்ப்பார் என்றாயே, அது.

முதல் மூன்று மாதமும் நான் பதவி இழந்த ராஜா. முன்பெல்லாம் மோட்டாரைப் போடுவதற்குள் அதன் வம்சத்தையே ஏழு தலைமுறைக்கு வைதிருப்பேன், வைதால்தான் அதுவும் ஓடும், எங்களுக்குள் அப்படி ஓர் ஒப்பந்தம். இப்போது பெட்டி 'டிக்' என்கிறது, அந்தத் துரோகி நல்ல வீட்டுப் பிள்ளை மாதிரி ஓடுகிறது. பெட்டியோடாவது சண்டை போடலாம் என்றால் அது சண்டைக்கே வருவதில்லை. இன்னைக்கு அனல் கொளுத்துது, இன்னும் கொஞ்சம் விடேன் என்பேன். முப்பத்தெட்டு சதவீதம் என்று காட்டும். இலையெல்லாம் தலையைத் தொங்கப் போட்டிருக்கே, கண் தெரியலையா என்பேன். முப்பத்தெட்டு சதவீதம். நீயும் உன் கம்பியும் நாசமாப் போக என்பேன். முப்பத்தேழு. இவ்வளவு பொறுமைசாலியோடு ஒரு மனுஷன் எப்படி மகளே குடித்தனம் நடத்துவது? உன் சித்தியோடு முப்பத்தோரு வருஷம் ஓடியதே அவள் பதிலுக்குப் பதில் கொடுப்பதால்தான். இதற்கிடையில் நமக்கு மேல்பக்கம் வயல் வைத்திருக்கிறாரே, அந்த மேட்டுக்காட்டுக்காரர், தினமும் வரப்பில் நின்று, "என்ன ஐயா, இன்னைக்குத் தண்ணி விட போன்ல பர்மிஷன் வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுத் தன் வாய்க்காலில் தண்ணீரை ஆறாகத் திறந்துவிட்டுப் போவார். அவர் கிணறு இப்போது தரை தட்டிவிட்டது, அது வேறு கதை, அதை அவரிடம் நான் தினமும் நினைவுபடுத்துகிறேன்.

சரி, மூன்றாம் துண்டுக்கு வருகிறேன். மரத்தடி ஓரத்துத் துண்டு, சரிவு, மணல் கலந்த மண், மற்ற மூன்றுக்கும் முன்னால் காய்ந்துவிடும். முதல் தேதி வரை அதுவும் பாங்காகத்தான் இருந்தது, மதியம் சிவப்பாகும், மாலை தண்ணீர் குடிக்கும், காலையில் பச்சையாக எழுந்திருக்கும். அதன் பிறகுதான் சனி பிடித்தது. போனில் பார்த்தால் பச்சை. வயலில் பார்த்தால் சுடுகாடு. மாலை ஐந்து மணிக்கு மற்றதெல்லாம் முறை வைத்துத் தண்ணீர் குடிக்க, மூன்றாவதின் வால்வு மட்டும் கல்லு மாதிரி கிடக்கும். போனைக் கேட்டால், மண் ஈரமாக உள்ளது, பாசனம் தேவையில்லை என்று சர்க்கரைக் குரலில் சொல்லும். இலை சுருண்டது, பூ உதிர்ந்தது, பிஞ்சு சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் எறும்புகள் அதை எடுத்துப் போய்ப் பந்து விளையாடின, இரண்டு அணி, நடுவர்கூட இருந்தது. நிலம் வெடித்த வெடிப்பில் மேட்டுக்காட்டுக்காரரின் கோழி ஒன்று விழுந்துவிட்டது. எட்டிப் பார்த்தோம், அடி தெரியவில்லை, கொக்கரிப்பு மட்டும் போகப் போகச் சின்னதாகி நின்றது. என் கணிப்புப்படி அது பூமியைக் குடைந்துகொண்டு உன் பக்கம்தான் வந்துகொண்டிருக்கிறது. உன் அடுக்குமாடி லிஃப்டில் களைத்துப்போன செவலைக் கோழி ஒன்றைப் பார்த்தால் பிடித்து வை, உரிமையாளர் தினமும் கேட்கிறார்.

சிரிக்காதே, எனக்கு வயிறு எரிகிறது. முந்நூற்றிருபது செடி. ஒவ்வொன்றும் காய்க்கிற பருவம். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, குழாய் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, பக்கத்திலேயே நான் ஆறடி மனுஷன் நிற்கிறேன், செடி செத்துக்கொண்டிருக்கிறது, போன் பச்சை பச்சை என்கிறது. சாவியைக் கொடு என்று சித்தியிடம் கேட்டேன். "பிள்ளைகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன், போன் சிவப்புக் காட்டினா அதுவே விடும், காட்டலைன்னா அதுக்கு ஏதோ காரணம் இருக்கும். படிச்ச பிள்ளை வச்சது" என்றாள். கெஞ்சினேன். மிரட்டினேன். இரண்டு வேளை சாப்பிடமாட்டேன் என்று அறிவித்து ஒரு வேளை நிஜமாகவே சாப்பிடாமல் இருந்தேன். சாவியை எந்த டப்பாவில் ஒளித்தாளோ, அடுக்களையில் இருந்த அத்தனை டப்பாவையும் திறந்து பார்த்து மிளகாய்த்தூளில் தும்மியதுதான் மிச்சம்.

சிவப்பு என்றதும் நினைவு வருகிறது, கொஞ்சம் பக்கவாட்டில் போகிறேன், பொறுத்துக்கொள். உன் அப்பா போன பிறகு உன் மார்க் அட்டையில் கையெழுத்துப் போட்டவன் நான். எட்டாம் வகுப்பில் அறிவியலில் முப்பத்தெட்டு வாங்கி வந்தாய், டீச்சர் அதன் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். இந்த வம்சத்துக்குச் சிவப்புக் கோடா என்று எனக்குப் பொறுக்கவில்லை. நீலப் பேனாவை எடுத்து அந்த மூன்றை எட்டாக்கிவிட்டேன், சிவப்புக் கோட்டை நகத்தால் சுரண்டியதில் அட்டை ஓட்டையாகிவிட்டது. அந்த ஓட்டை வழியாகத்தான் டீச்சர் உண்மையைப் பார்த்தார். ஒரு வாரம் நீ வகுப்புக்கு வெளியே நின்றாய், செய்தது சித்தப்பா என்று நீ காட்டிக்கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாய், "இனிமே என் மார்க்கைத் தொடாதீங்க சித்தப்பா, அது என்னோடது." அடுத்த பரீட்சையில் நீயாகவே எழுபத்தொன்று வாங்கினாய். இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. தெரியும். கத்திச் சத்தம் நின்றிருக்கிறது, "எழுதிட்டீங்களா?" வருகிறது. வந்துகொண்டே இருக்கிறேன் தாயே என்று பதில் கொடுத்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் தேதி நீ கூப்பிட்டாய். "சித்தப்பா, மூணாவது கம்பி தினமும் பன்னெண்டு நாப்பதுக்கு டக்குன்னு ஏறுது, மத்தது மூணும் ஏறல, அங்க என்ன நடக்குது? யாராவது தண்ணி கிண்ணி ஊத்துறாங்களா?" என்று கேட்டாய். அந்தப் பக்கம் ஈ காக்கா போகாது என்று நான் அடித்துச் சொன்னேன். பிறகு என்ன காரணம் என்று கேட்டாய். அப்போதுதான் மகளே, உலகம் இதுவரை காணாத அந்த அதிசயத்தை உனக்குச் சொன்னேன். இங்கேயும் எழுதிவைக்கிறேன். தினமும் பன்னிரண்டு நாற்பதுக்கு மோட்டார் அறைக்குப் பின்னாலிருந்து ஒரு மேகம் கிளம்பி வருகிறது. பெரிசு இல்லை, உள்ளங்கை அளவு, ஓரத்தில் கொஞ்சம் சாம்பல் நிறம், பார்த்தால் நல்ல குடும்பத்து மேகம். வரும் வழியில் யாரையும் தொந்தரவு செய்யாது. நேராக மூன்றாம் கம்பியின் வெள்ளைத் தொப்பிக்கு மேலே வந்து நிற்கும், ஒருவன் தொண்டையைச் செருமுகிற நேரம், அவ்வளவுதான், ஒரு பொழிவு பொழிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். ஒரு சாண் தள்ளி நிற்கிற செடிமேல் ஒரு துளி விழாது, அவ்வளவு குறி. இரண்டொரு நாள் சின்னதாக இடியும் இடித்தது, குடத்தைக் கல்லில் வைத்தது மாதிரி. நீ சிரித்தாய். அடக்கமுடியாமல் அரை நிமிடம் சிரித்தாய், அந்தச் சிரிப்புக்காகவே நான் இன்னும் நாலு மேகம் விட்டிருப்பேன். பிறகு, "இதுல எத்தனை சதவீதம் உண்மை?" என்றாய். முப்பத்தெட்டு என்றேன். அப்போ கம்பிதான் பழுதாகியிருக்கும், மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தாய்.

பதினைந்தாம் தேதி மெக்கானிக் வந்தார். நம் மோட்டாருக்கு வழக்கமாக வருவாரே, காதில் எப்போதும் டெஸ்டர் செருகியிருப்பாரே, ஊரே டெஸ்டர் என்று கூப்பிடுமே, அவர்தான். கம்பியைப் பிடுங்கித் துடைத்துக் காய்ந்த மணலில் செருகினார், போன் சிவப்பு. வாளித் தண்ணீரில் விட்டார், போன் பச்சை. மணல், சிவப்பு. வாளி, பச்சை. பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி அது தப்பே செய்யாமல் சொன்னது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, ஒரு தடவையாவது உளறக்கூடாதா? பிறகு போனில் எதையோ தட்டி ஒரு கோட்டுப் படத்தை எடுத்துக் காட்டினார், ஒண்ணாம் தேதியிலிருந்து தினத்துக்கு ஒரு மலை, அத்தனை மலையும் பன்னிரண்டு நாற்பதில் முளைத்திருந்தது. "அண்ணே, இது தங்கமான கம்பி. உள்ளதத்தான் சொல்லுது. யாரோ இதுக்கு மட்டும் தினமும் தண்ணி காட்டுறாங்க, செடிக்குக் காட்டல. கம்பி நனைஞ்சிருக்கு, அதனால துண்டே நனைஞ்சிருக்குன்னு நினைச்சுப் பெட்டி சாயங்காலம் வால்வத் திறக்காம விட்ருக்கு. அவ்வளவுதான் விஷயம்" என்றார். நான் நிதானமாக மேகத்தைப் பற்றி எடுத்துச் சொன்னேன். டெஸ்டர் வானத்தைப் பார்த்தார், பொட்டு வெள்ளைகூட இல்லை. சித்தி வானத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள், பிறகு மரக்கிளையில் நான் தொங்கவிட்டிருக்கும் நீலக் குவளையைப் பார்த்தாள், பிறகு வீட்டுக்குப் போய்ச் சாவியை எடுத்து வந்து தன் கையாலேயே வால்வைத் திறந்தாள். டெஸ்டர் உனக்குப் போன் போட்டுக் கம்பி சரியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். போகும்போது என் தோளைத் தட்டி, "மிச்சத்த நீங்களே சொல்லிருங்கண்ணே, குடும்ப விஷயம்" என்றார். முந்நூற்றிருபதில் பதினொரு செடி தலை தூக்கியிருக்கிறது. மற்றதைப் பிடுங்கிக் குவித்துவிட்டோம்.

பதினெட்டாம் தேதி நீ மறுபடி கூப்பிட்டாய். கம்பி சரியென்றால் கணக்குதான் தப்பு என்றாய். வெயில் ஏறினால் கம்பி சொல்வதை உன் கணக்கு தப்பாகப் படிக்கிறது போல, எங்கே என்று தெரியவில்லை, மூன்று நாளாகத் தேடுகிறேன் என்றாய். "அவங்க நிறுத்தச் சொல்றதுக்கு முன்னாடி நானே ரிப்போர்ட்ல எழுதிடறேன் சித்தப்பா, என் டிசைன் தோத்துப்போச்சு, இத வேற எங்கயும் வைக்க வேணாம்னு" என்றாய். அதோடு நின்றிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "உங்க தக்காளிய நான்தான் கொன்னுட்டேன், மன்னிச்சிடுங்க" என்றாய். நான் உடனே கோழியைப் பற்றி ஆரம்பித்தேன். நீ சிரிக்கவில்லை. அன்றிலிருந்து உன் சித்தி எனக்குப் பரிமாறும்போது தட்டை வைக்கிற சத்தம் மாறிவிட்டது.

மற்ற சேதிகள். சித்தியின் முழங்கால் வலி தேவலை, ஆனால் என்மேல் கோபம் வந்தால் வேகமாக நடக்கிறாள், அது நல்ல பயிற்சி என்று டாக்டர் சொல்கிறார், ஆகவே நான் மருத்துவ சேவை செய்துகொண்டிருக்கிறேன். அடுக்களைக் குழாய் ஒழுகுகிறது, அதற்கும் ஒரு கம்பி வைப்பாயா என்று கேட்கச் சொன்னாள். நீ நேரத்துக்குச் சாப்பிடு, திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடாதே, கழுத்து வளைந்தால் பிறகு நிமிராது. மழைக்கோட்டை மறக்காதே. உன் வழி எப்போதும் பச்சையாக இருக்கட்டும், நீ நூறு வயலுக்குத் தண்ணீர் கொடுத்து நூறு வருஷம் வாழ்க. ரிப்போர்ட்டை முப்பதாம் தேதிக்கு முன்னால் அனுப்பிவிடாதே.

இப்படிக்கு,
ஒரு கிணற்றுக்கும் நான்கு துண்டுக்கும் ஏக சக்கரவர்த்தியாகிய
உன் சித்தப்பா

மேலே கையெழுத்துப் போட்டுச் சாப்பிடப் போனேன். சித்தி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கி நின்றபடியே கடைசி வரி வரை படித்தாள். எறும்புப் பந்தாட்டத்தில் உதடு கொஞ்சம் அசைந்தது, பார்த்தேன். படித்து முடித்து, "அது எங்க?" என்றாள். எல்லாம் அதில் அடக்கம், பிள்ளை புத்திசாலி, புரிந்துகொள்வாள் என்றேன். "அவ புரிஞ்சுக்கறது வேற, நீங்க சொல்றது வேற" என்று சொல்லித் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆகவே மறுபடி மேசைக்கு வந்திருக்கிறேன். பசிக்கிறது.

மகளே, கோழி பொய். மேட்டுக்காட்டுக்காரரிடம் கோழியே இல்லை. எறும்பு பொய், இடி பொய், மேகம் பொய். இவ்வளவு கதையில் ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். பன்னிரண்டு நாற்பதுக்கு அந்தக் கம்பியின்மேல் தண்ணீர் விழுந்தது. தினமும் விழுந்தது. ஊற்றியது நான்.

மதியம் அது சிவப்பாகிவிடும். ஒரு மணிக்கு உன் மேனேஜர் திரையைத் திறப்பார். நாலில் ஒன்று சிவப்பாக இருந்தால் உன்னைப் பற்றி என்ன நினைப்பார் என்று எனக்குப் பொறுக்கவில்லை. சிவப்பு என்றால் கெட்ட மார்க் இல்லை சித்தப்பா, தாகம், அவ்வளவுதான் என்று நீ இரண்டு தடவை சொல்லியிருக்கிறாய், நான் கேட்கவில்லை. நீலக் குவளையில் ஒரு குவளை, தொப்பியைச் சுற்றி, இருபது நிமிடம் ஊறினால் ஒரு மணிக்குப் பச்சை. முகத்தைக் கழுவி விடுகிற மாதிரிதான் நினைத்தேன், தண்ணீர் விடுவதைப் பெட்டி தன் பாட்டுக்கு மாலையில் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். செடி வாடியபோது பெட்டியைத் திட்டினேன், அடுத்த நாள் மதியம் மறுபடி குவளையை எடுத்தேன். டெஸ்டர் சொன்ன அன்றுதான் புரிந்தது. புரிந்து ஏழு நாள் ஆயிற்று. நீ மன்னிப்புக் கேட்டபோதும் எனக்குத் தெரியும், தெரிந்துதான் கோழியை விட்டேன்.

உன் கம்பி பொய் சொல்லவில்லை. உன் கணக்கிலும் தப்பில்லை, தேடாதே. நான் கை வைக்காத மூன்று துண்டும் காய்த்துத் தொங்குகிறது, கிணற்றில் இன்னும் ஒன்பது படிக்கட்டு ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. இதை அப்படியே ரிப்போர்ட்டில் எழுது. மூன்றாம் துண்டுக்கு எதிரே என்ன காரணம் என்று கேட்டால் சித்தப்பா என்று எழுது. மேனேஜர் நம்பாவிட்டால் இந்தத் தாளைக் காட்டு. நீலக் குவளையைக் கழுவிச் சித்தியிடம் ஒப்படைத்துவிட்டேன், சாவி இருக்கிற டப்பாவிலேயே அதையும் வைத்துக்கொண்டாள்.

இனி உன் மார்க்கை நான் தொடமாட்டேன், அது உன்னுடையது.

உன் சித்தப்பா